கசக்காத குளிசை

"கசக்கவே இல்ல, சேர்," என்றார் உதுமாலெவ்வை காக்கா. "முந்தித் தந்ததெல்லாம் தொண்டையில நிண்டு உசிரெடுக்கும். இது சீனி தடவினாப்போல. கவுமெண்ட் இப்பதான் திருந்தியிரிக்கி."

நல்ல வெயில் நேரம். முன்விறாந்தையில் பன்பாயின் மேல், இரண்டு போர்வைகளுக்குள் அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். பேசும்போது பற்கள் அடித்துக்கொண்டன. நான் கதிரையில் அமர்ந்து, அவருடைய விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊசியால் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு நாட்களுக்கு முன் எடுத்த இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது. அன்றே பத்துக் குளிசைகளும் கொடுத்திருந்தேன்.

"முழுவதும் போட்டீங்களா?"

"அல்லாஹ் மேல ஆணை. மொத நாள் நாலு, மத்த நாள் நாலு, மூணாம் நாள் ரெண்டு. நீங்க சொன்ன கணக்குத்தான். வயித்தைப் பிரட்டிச் சத்தி மட்டும் எடுத்தன். காய்ச்சல் விடல்ல."

அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

காரணத்தைச் சொன்னால் வாசகர்கள் என்னை மன்னிப்பார்களா தெரியவில்லை. அப்போது நான் மலேரியாத் தடைப் பிரிவில் வெளிக்கள உத்தியோகத்தன். எண்பதுகள் பிறந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. குளிசையை ஒழுங்காக விழுங்கிய ஒருவருக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தால், குளிசைக்கு அடங்காத மலேரியா என்று அதற்குப் பெயர். அதற்கென்று தனியாக ஒரு படிவம் உண்டு. நான்கு பிரதிகள். ஒன்று கொழும்புக்கே போகும். என் பெயர் அதுவரை கல்முனைத் தபாற்கந்தோரைத் தாண்டியதில்லை.

"கசக்கவே இல்ல" என்ற சொல் என் காதில் விழத்தான் செய்தது. மூளைக்குள் போகத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. படிவம் நிரப்பும் மனிதனுக்குக் கேள்வியில் இல்லாத பதில் காதில் ஏறுவதில்லை.

அந்த வீடு

அண்ணன் முறையில் ஊருக்கே காக்காவான உதுமாலெவ்வை, சாய்ந்தமருதுப் பக்கத்து விவசாயி. நாற்பது வயதிருக்கும். எங்கள் பகுதி வழக்கப்படி வீடு பெண்ணுடையது. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அவரும் அப்படியே போய், மனைவி ஆசியா உம்மாவின் வீட்டில் ஐந்து பெண்பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்தார்.

வயல் இறக்காமத்துப் பக்கம். பயிர்க் காலத்தில் யானைக்குக் காவல் இருப்பதற்காக வாரத்தில் ஐந்தாறு நாட்கள் வயல்வாடிக் குடிசையில்தான் படுக்கை. யானையை விரட்டுகிறவனை நுளம்பு கடிக்கும். எங்கள் பிரிவின் பாதி வேலை இந்த வாடிகளில் இருந்துதான் வந்தது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் இது தாமதமாகத் தெரிந்தது, உங்களுக்கும் தாமதமாகத் தெரிய வேண்டியதில்லை. ஐந்தாவது பிள்ளை பிறந்தபோது ஆசியா உம்மாவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் உயிர் தப்பியதே பெரிய காரியம். இன்னொரு பிள்ளை உண்டானால் தாய் மிஞ்சமாட்டாள் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். ஆனால் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. காக்காவைப் பெற்ற உம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த தெருவில் இருந்து வந்து அதை ஞாபகப்படுத்திவிட்டுப் போவார்.

ஆகவே ஆசியா உம்மா, புருஷனுக்குத் தெரியாமல், மருத்துவமாதுவிடம் கருத்தடைக் குளிசை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். தினம் ஒன்று.

ஒரு புரொஜெக்டர், இரண்டு தடை

இப்போது எதற்கெடுத்தாலும் விழிப்புணர்வு என்கிறார்கள். அந்தச் சொல் அப்போது எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. நாங்கள் செய்தது "சுகாதாரப் போதனை". வாசகர் ஒருவர், மருந்தடிக்கும் பம்பைப் பற்றி நான் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, பம்பை விடப் போதனைதானே முக்கியம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். உண்மை. பம்பில் இருந்து என்ன வெளியே வரும் என்பதாவது எங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு முறை மேலிடத்தில் யாருக்கோ பெற்றோல் மிச்சம் பிடிக்கும் யோசனை வந்தது. மலேரியாக் கூட்டத்தையும் குடும்பத் திட்டக் கூட்டத்தையும் ஒன்றாக நடத்துங்கள் என்று சுற்றறிக்கை வந்தது. ஒரே ஜீப், ஒரே புரொஜெக்டர், ஒரே பள்ளிக்கூட மண்டபம். ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் சீலை கட்டி மறைத்துப் பெண்கள் மறுபக்கம்.

முதலில் நுளம்பு வந்தது. சுவர் அளவு பெரிய நுளம்பு. "இந்தளவு நுளம்பு எங்கட ஊரில இல்ல" என்று ஒருவர் நிம்மதியோடு சொன்னதை நானே கேட்டேன். அது முடிந்ததும் இரண்டு பிள்ளைகளோடு சிரிக்கும் ஒரு குடும்பம் வந்தது. முதற்படத்துக்கு "மலேரியாத் தடை" என்று தலைப்பு. அடுத்ததற்குக் "கருத்தடை". முடிவில் இரண்டுக்கும் பொதுவாகத் "தடைக் குளிசைகள் இலவசம்" என்று ஒரு வரி.

கேள்வி நேரத்தில் ஒரு முதியவர் எழுந்தார்.

"தொரை, ஒரு சந்தேகம். இந்தக் கருத்தடையை நுளம்புக்குக் குடுத்தா என்ன? அதுதானே கணக்கில்லாமப் பெறுகுது."

மண்டபம் சிரித்து அடங்கக் கால் மணித்தியாலம் ஆனது. சீலைக்கு அந்தப் பக்கம் அதைவிட அதிக நேரம் சிரித்தார்கள். எங்கள் அறிக்கையில் "மக்கள் ஆர்வத்துடன் கேள்வி எழுப்பினர்" என்று எழுதினேன்.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஊரில் ஒரு புதிய சொல் நடமாடத் தொடங்கியது. தடைக் குளிசை. ஆண்கள் அதை மலேரியாக் குளிசை என்று விளங்கிக்கொண்டார்கள். பெண்களும் மலேரியாவுக்கு அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள், தேவைப்பட்டால் மற்றதற்கும் சொன்னார்கள். ஒரு நாள் உதுமாலெவ்வை காக்கா அலுமாரியில் சட்டை தேடும்போது ஒரு குளிசை மட்டையைக் கண்டு, "இதென்ன?" என்று கேட்டிருக்கிறார்.

"தடைக் குளிசை," என்று ஆசியா உம்மா சொல்லியிருக்கிறார்.

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மட்டை

விறாந்தைக்குத் திரும்புவோம். தகட்டில் இரத்தத்தைப் பரப்பிக் காயவைத்துவிட்டு, கொழும்புப் படிவத்தை எடுத்தேன். இரண்டு பக்கங்கள் நிரப்பியான பிறகுதான் அந்தச் சொல் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. கசக்கவில்லையா? நாங்கள் கொடுக்கும் குளிசை தண்ணீருக்குள் விழுந்தால் தண்ணீரே கசக்கும்.

"காக்கா, நான் தந்த குளிசையா போட்டீங்க?"

அவர் போர்வைக்குள் கொஞ்சம் சுருங்கினார். "கோவிக்கப்படாது சேர். மச்சானும் வாடியால வந்து நடுங்கிட்டுக் கிடந்தான். நீங்க தந்ததை அவனுக்கு அனுப்பிட்டன். நமக்கென்ன, வீட்டில தடைக் குளிசை இரிக்கிதானே. மட்டையில இரிந்து அமுக்கி அமுக்கி எடுத்தன். சின்னச் சின்னதா, புது மாதிரி."

நாங்கள் குளிசையைக் கடதாசியில் சுற்றித்தான் கொடுப்போம். மட்டையில் வந்ததே இல்லை. அந்த இடத்தில் புத்தியுள்ளவன் வாயை மூடியிருப்பான். எனக்கோ விதி ஞாபகம் வந்தது. நோயாளி உட்கொண்ட மருந்தின் உறையைப் பார்வையிட்டு இலக்கத்தைப் பதிய வேண்டும். ஏழாவது நிரல்.

வீட்டுக்குள் இருந்த ஆசியா உம்மாவுக்குக் குரல் கொடுத்தேன். "ராத்தா, அந்த மட்டையை ஒருக்கா புள்ளையிட்டக் குடுத்து அனுப்புங்க. இலக்கம் எழுதணும்."

உள்ளே தேங்காய் துருவும் சத்தம் நின்றது. காக்கா, "கேக்குதா புள்ள? சேர் கேக்காரு," என்றார்.

அடுப்படிப் பக்கமிருந்து ஒரு வாடை வந்தது. விறகுப் புகை இல்லை. பொலித்தீன் கருகுவது போன்ற வாடை.

"அது இல்ல," என்றது கதவுச் சீலைக்குப் பின்னால் ஒரு குரல். "முடிஞ்செண்டு நெருப்பில போட்டுட்டன்."

அந்தக் குரல் காய்ச்சல்காரரின் குரலை விட அதிகம் நடுங்கியது. அப்போதுதான் அது என்ன குளிசை என்று எனக்கு விளங்கியது. அந்த மட்டையில் மிச்சம் இருந்திருக்க வேண்டும். என் ஏழாவது நிரலுக்குப் பயந்து அதையும் எரித்துவிட்டார்.

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். உத்தியோக வாழ்க்கையில் எந்தச் சுற்றறிக்கையின் ஆதரவும் இல்லாமல் நான் சொன்ன முதற்பொய்யைச் சொன்னேன்.

"அது பழைய குளிசை காக்கா. திகதி முடிஞ்சது. அதான் காய்ச்சல் கேக்கல்ல. இந்தாங்க, என்ட கண்ணுக்கு முன்னால நாலு போடுங்க."

போட்டார். முகம் கோணியது. செம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தார்.

"யா அல்லாஹ்! இதுதான் சாமான்," என்றார். செம்பை வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மிசியிடம் வாங்கிக் கட்டியது

எங்கள் தெருக்களுக்குப் பொறுப்பான மருத்துவமாது பரமேஸ்வரி மிசி. காரைதீவுக்காரர். ஐம்பதை நெருங்கிய வயதிலும் வெள்ளைச் சாறியோடு சைக்கிளில் மணல் ஒழுங்கையெல்லாம் ஏறி இறங்குவார். ஊரில் பாதிப்பேரை அவர்தான் பூமிக்கு இழுத்தெடுத்தவர் என்பதால் யாரும் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை. நான் அன்று பின்னேரமே அவருடைய வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டின் சங்கதி முழுவதையும் எனக்குச் சொன்னவரும் அவர்தான். கோபத்தில் சொன்னார்.

"மட்டையைக் கொண்டுவரச் சொன்னீங்களா? எதுக்கு?"

"இலக்கம் எழுத."

"எழுதினீங்களா?"

"இல்ல."

"அந்தப் புள்ளைக்கு ஒண்டு நடந்தா, அந்தப் பெட்டிக்குள்ள என்ன தம்பி எழுதுவீங்க?"



ஒரு மட்டை கொடுத்தால் அடுத்தது அடுத்த மாதக் கிளினிக்கில்தான் என்பது விதி. அவர் அலுமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து வெளியே வைத்தார். ஆனால் போன வாரம்தான் அந்த வீட்டுக்குப் போய் வந்தவர், மறுபடியும் படலையைத் திறந்தால் ஊர் கேட்கும், காக்காவும் கேட்பார். அங்கேதான் என் விதிப் புத்தகம் முதல் தடவையாக ஒரு மனிதருக்கு உதவியது. நோயாளி வீட்டிலுள்ள எல்லோரிடமும் இரத்தம் எடுக்க வேண்டும், பெண்களிடம் பெண் உத்தியோகத்தர் எடுப்பது விரும்பத்தக்கது என்று அதில் இருந்தது. அந்த "விரும்பத்தக்கது" என்ற சொல்லை நான் அதுவரை பொருட்படுத்தியதில்லை.

மறுநாள் இருவரும் போனோம். விறாந்தையில் நான் காக்காவின் சூட்டைப் பார்த்தேன். குறைந்திருந்தது. மிசி தகடுகளோடு உள்ளே போனார். ஐந்து பெண்பிள்ளைகளும் முறைவைத்து அழுவது கேட்டது. ஆசியா உம்மாவின் முறை வந்தபோது மிசியின் குரல் கிசுகிசுப்பாகத் தாழ்ந்தது.

திரும்பி வரும் வழியில், சைக்கிளை உருட்டிக்கொண்டே மிசி சொன்னார்.

"மட்டை கைக்குப் போயிட்டு. ஆனா மூணு நாளா அது அவர்ட தலைமாட்டில கிடந்ததில, இடையில விட்டுப்போச்சி. இந்த மாசம் முடியும் மட்டும் குளிசையை நம்பேலாது, புருஷனைக் கிட்ட எடுக்காதே எண்டன். அழுகுது. 'எந்த வாயால சொல்லுற மிசி? ஏனெண்டு கேப்பாரே. ஏனெண்டு சொன்னா எல்லாம் முடிஞ்சிரும்' எண்டு."

வேறு வழிகளும் இருந்தன. எதுவும் காக்காவுக்குத் தெரியாமல் நடக்கக்கூடியது அல்ல.

"உங்கட புத்தகத்தில இதுக்கு என்ன எழுதியிருக்கு, தம்பி?"

ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் கொழும்புப் படிவத்தைக் கிழித்துப்போட்டேன். நான்கு பிரதிகளையும்.

ஜும்ஆவுக்குப் பிறகு

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கந்தோரில் நான் மட்டும் இருந்தேன். உதுமாலெவ்வை காக்கா வந்தார். மெலிந்திருந்தார். ஆனால் நடை நேராக இருந்தது. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு எதிரே அமர்ந்தார்.

"தம்பி, ஒரு கதை."

அதுவரை என்னை "சேர்" என்றுதான் அழைத்தவர்.

"நீங்க பொறகு தந்தது நாக்கில பட்டதும் எனக்குச் சந்தேகம் வந்திட்டு. மத்த நாள் அடுப்புச் சாம்பலுக்க வெள்ளித்தாள் ஒரு துண்டு கிடந்திச்சி. எழுத்து எரியல்ல. எனக்கும் ரெண்டெழுத்துத் தெரியும், அப்பதான் வாசிச்சன்."

நான் பேனையை மூடினேன். "கோவமா காக்கா?"

"வந்திச்சி. ரெண்டு நாள் இரிந்திச்சி." தொப்பியின் விளிம்பை விரலால் சுற்றினார். "கடைசிப் புள்ளைக்கு அவவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காரில சீற்று முழுக்க ரெத்தம். கார்க்காரன் கழுவமாட்டன் எண்டான். நான்தான் கழுவினன். டொக்டர் சொன்னது எனக்கும் கேட்டிச்சி தம்பி. கேக்காத மாதிரி இரிந்திட்டன். உம்மாவுக்குச் சொல்ல எனக்கிட்ட ஒரு வார்த்தை இல்ல."

வெளியே பஸ் ஒன்று நின்று போனது.

"இப்ப அவட குளிசையில பத்தை நான் திண்டுட்டன். மிச்சத்தை அவ எரிச்சிட்டா. அவக்கு ஒண்டும் ஆகாதே?"

மிசி வேறு மட்டை கொடுத்ததைச் சொன்னேன். இடையில் விட்டுப்போனதையும், இந்த மாதம் முடியும்வரை இருக்கும் ஆபத்தையும், சுகாதாரப் போதனையில் ஒருநாளும் பாவிக்காத நேரான சொற்களில் சொன்னேன். அவர் கூட்டத்தில் கேட்டவர்களைவிடக் கவனமாகக் கேட்டார்.

"எத்தின நாள்?"

"இருவது நாளாவது."

"நான் அறிஞ்செண்டு அவவுக்குத் தெரியப்படாது."

"ஏன் காக்கா? தெரிஞ்சா அவவுக்கு நிம்மதிதானே?"

"தெரிஞ்சா, நீங்க இதுக்கு ஓமா இல்லையா எண்டு கேப்பா. நான் ஓமெண்டா, நாளைக்கு உம்மா கேக்கக்குள்ள பொய் சொல்ல வரும். எனக்கு ஒண்டும் தெரியாது. தெரியாதவனை யாரும் ஒண்டும் கேக்க ஏலாது."

சட்டம் படித்தவர்கள் இதைவிடச் சுத்தமாக ஒரு வாதத்தை அமைத்து நான் கண்டதில்லை.

"அப்ப வாடிக்குப் போங்க," என்றேன்.

"வெள்ளாம வெட்டி, சூடும் அடிச்சி, நெல்லும் வீட்டுக்கு வந்திட்டு. வாடியில என்னத்தைக் காக்கிற?"

"ஆனை வரும்."

"ஆனை வந்து என்ன, வைக்கலை எண்ணிட்டுப் போகுமா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்குச் சிரிப்பில் இருமல் வந்தது. நான் வாடியில் தங்குகிறவர்களுக்கான வாராந்தக் குளிசைகளை எண்ணிக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். காய்ச்சல் திரும்பிவிடாமல் இருக்க எப்படிப் போடுவது என்றும் சொன்னேன். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "வயற்காவல்" என்று எழுதினேன். அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, மறுபடியும் "வாறன் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே வாடிக்குப் போய்விட்டார். மூன்று வாரங்கள் தேத்தண்ணிக் கடைகளில் அவர்தான் பேச்சு. வெட்டின வயலுக்குக் காவல் இருக்கிற ஒரே மனிதன் என்றார்கள். யானைக்கும் அவருக்கும் உடன்படிக்கை என்றார்கள். அவருடைய உம்மா, மகனுக்கு யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று பள்ளிவாசலில் ஓதும் ஒரு லெவ்வையிடம் தண்ணீர் ஓதி வாங்கி வாடிக்கு அனுப்பினார். அவர் அதையும் குடித்தார்.

மாதம் முடிந்த ஒரு காலையில் பரமேஸ்வரி மிசி கந்தோர் வாசலில் சைக்கிள் மணியை அடித்தார். உள்ளே வரவில்லை. நான் வெளியே போனேன்.

"ஆசியா உம்மாவுக்கு நேற்று மாதம் வந்திட்டு," என்றார். "பயமில்ல."

பெடலில் கால் வைத்தவர், சிரிப்பை அடக்கமாட்டாமல் நின்றார்.

"உங்களுக்கு ஒரு செய்தியும் சொல்லச் சொன்னா, தம்பி. 'மிசி, அந்த மனிசன்ட காய்ச்சல் மண்டைக்கு ஏறிட்டுப் போல. வெட்டின வயலைக் காத்திட்டு நேத்துத்தான் வந்திரிக்காரு. கேட்டா ஆனையெண்டு சொல்றாரு. மலேரியாச் சேரிட்டச் சொல்லி அதுக்கும் ஏதாவது குளிசை இரிந்தா வாங்கித் தாங்க' எண்டு."